கேள்வி – பதில்: தலைவர் வீட்டுப் பிள்ளைகளும் பீரங்கிப் படையும்

சென்ற இதழில் ஜெனரல் பி. பி. குமாரமங்கலத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தாரும், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவருமான டாக்டர் ப. சுப்பராயனின் மகனான அவர், பீரங்கிப் படை அதிகாரியாகத் தொடங்கி 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார் என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, என்ன காரணத்தாலோ, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும், லிங்கன் தலைமையிலான வடக்கு அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரையே சுற்றி வருகின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, மந்திரியின் மகன் பீரங்கிப் படைக்குப் போனது நம் பக்கத்து அதிசயம் மட்டும்தானா? அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அரசியல் தலைவர்களின் பிள்ளைகள் பீரங்கி அதிகாரிகளாக இருந்தார்கள் என்று படித்த நினைவு. அவையெல்லாம் சிபாரிசில் கிடைத்த பதவிகள்தாமா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். குமாரமங்கலம் போரிட்டது உள்நாட்டுப் போரில் அன்று. இரண்டாம் உலகப் போரில், லிபியப் பாலைவனத்தில். அங்கே 1942இல் காட்டிய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. என்னும் பிரிட்டிஷ் படை விருது பெற்றார், எதிரியிடம் சிறைப்பட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அடைபட்டுக் கிடந்தார். அவர் பயிற்சி பெற்ற இடம் இங்கிலாந்தின் வூலிச் ராணுவ அகாடமி. அந்த இடத்துக்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் தரைப்படையில் 1871 வரை காலாட்படை, குதிரைப்படை அதிகாரிப் பதவிகளைப் பணம் கொடுத்தே வாங்கலாம். பிரபுக்களின் பிள்ளைகள் அப்படித்தான் வாங்கினார்கள். பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் மட்டும் அந்த வியாபாரம் ஒருபோதும் நடக்கவில்லை. குண்டு எவ்வளவு தொலைவு போகும், எந்தக் கோணத்தில் எவ்வளவு மருந்து இட வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாதவனிடம் பீரங்கியை ஒப்படைத்தால் அவன் தன் பக்கத்து ஆட்களையே கொன்றுவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் கதை இரண்டாகப் பிரிகிறது. நிரந்தரப் படையின் பீரங்கி அதிகாரிகள் பெரும்பாலும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் படித்தவர்கள். அங்கே தேர்ச்சி வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குத்தான் பொறியாளர் படையும், அதற்கு அடுத்தபடியாகப் பீரங்கிப் படையும் கிடைக்கும். அகாடமியில் நுழைவதற்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நுழைந்தபின் கணிதத் தேர்வைப் பரிந்துரை எழுதிக் கொடுக்காது. போர் மூண்டதும் லட்சக்கணக்கில் திரட்டப்பட்ட தன்னார்வப் படைகளின் விஷயம் வேறு. அந்தப் படைப்பிரிவுகளின் அதிகாரிகளை நியமித்தவர்கள் மாநில ஆளுநர்கள். அந்த ஊர் ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போன்றவர். கட்சிக்காரர், நன்கொடையாளர், முன்னாள் அமைச்சர் எல்லாரும் அவருடைய வாசலில்தான் நிற்பார்கள். தலைவர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் உள்ளே போனது இந்த வாசல் வழியாகத்தான்.

மிகப் பெரிய எடுத்துக்காட்டு வில்லியம் எச். சேவர்டு இளையவர். தந்தை சேவர்டு, நியூயார்க் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்து, லிங்கனின் வெளியுறவு அமைச்சரானவர். பிற்காலத்தில் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியவரும் அவர்தான். மகன் ஆபர்ன் என்னும் ஊரில் வங்கி நடத்திக்கொண்டிருந்தவர். படைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1862இல் அந்த வட்டாரத்தில் திரட்டப்பட்ட 138ஆவது நியூயார்க் காலாட்படைப் பிரிவில் அவர் நேரடியாக லெப்டினன்ட் கர்னல் ஆனார். வயது 23. இதைச் சிபாரிசு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது? அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் படைப்பிரிவு 9ஆவது நியூயார்க் கனரகப் பீரங்கிப் படை என்று மாற்றப்பட்டு, தலைநகர் வாஷிங்டனைச் சுற்றிக் கோட்டைகள் கட்டிக் காக்கும் வேலையில் அமர்த்தப்பட்டது.

ஆனால் சிபாரிசில் வந்தவர் என்பதோடு அவருடைய கணக்கை முடித்துவிடவும் முடியவில்லை. 1864 ஜூலை 9 அன்று தெற்குப் படைத்தளபதி ஜூபல் எர்லி வாஷிங்டனை நோக்கி விரைந்து வந்தபோது, மோனோகசி ஆற்றங்கரையில் அவரை ஒரு நாள் முழுவதும் தடுத்து நிறுத்திய சிறு படையில் சேவர்டின் பிரிவும் இருந்தது. அதற்குள் அவர் கர்னலாகியிருந்தார். குதிரை சுடப்பட்டு அவர்மீதே விழுந்ததில் கால் முறிந்தது, கையிலும் காயம். பின்வாங்கும் கூட்டத்தில் ஒரு கோவேறு கழுதை கிடைக்க, கடிவாளத்துக்குப் பதிலாகத் தம் பட்டுக் கைக்குட்டையைக் கட்டி அதன்மேல் ஏறித் தப்பினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. தோற்ற சண்டைதான், என்றாலும் அந்த ஒரு நாள் தாமதத்தால்தான் தலைநகருக்கு வெளியிலிருந்து உதவிப் படை வந்து சேர நேரம் கிடைத்தது. செப்டம்பரில் அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி வந்தது. லெப்டினன்ட் கர்னல் பதவியைத் தந்தது தந்தையின் பெயர். பிரிகேடியர் பதவியிலும் அந்தப் பெயருக்குப் பங்கு இல்லை என்று சாதிக்க மாட்டோம். முறிந்த கால் மட்டும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

கேள்வி: தலைநகரத்துக் கோட்டையில் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பான வேலையாயிற்றே? மகனைப் போருக்கு அனுப்பியதாகவும் இருக்கும், மகன் உயிரோடு திரும்பியதாகவும் இருக்கும் என்று தலைவர்கள் கணக்குப் போட்டிருப்பார்களோ?
— காப்பித் தோட்ட மேலாளர், ஏற்காடு

பதில்: தலைவர்கள் மட்டுமல்லர், சாதாரண மக்களும் அந்தக் கணக்கைப் போட்டார்கள். கனரகப் பீரங்கிப் படை என்றால் நகரக் கூடிய பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போர்க்களத்துக்கு ஓடுவது அன்று. கோட்டை மதிலில் பதித்த பெரும் பீரங்கிகளைக் கவனித்துக்கொள்வது. கூரை உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு உண்டு, சகதியில் நடை இல்லை. அதனால் ஆள் சேர்ப்பு எளிதாக இருந்தது. ஒரு காலாட்படைப் பிரிவில் ஏறத்தாழ 1,000 பேர் என்றால், கனரகப் பீரங்கிப் பிரிவில் 1,800 பேர் வரை இருந்தார்கள். கோட்டைகளுக்கு வெளியே வெயிலிலும் பனியிலும் கிடந்த காலாட்படைக்காரர்கள் இவர்களைக் கண்டால் கேலி செய்வது வழக்கம்.

1864 மே மாதம் இந்த நிம்மதி முடிந்தது. வர்ஜீனியாக் காடுகளில் தொடர்ந்து ஆட்களை இழந்துகொண்டிருந்த வடக்கின் தலைமைத் தளபதி கிராண்டு, வாஷிங்டன் கோட்டைகளில் இருந்த இந்தப் பெரும் படைப்பிரிவுகளைத் தம்மிடம் அனுப்பச் சொன்னார். பீரங்கியை விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு வர வேண்டும் என்பது உத்தரவு. பீரங்கிப் படை என்ற பெயரோடு, காலாட்படையாக அவர்கள் அனுப்பப்பட்டார்கள். 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு முன்னால் 1ஆவது மெயின் கனரகப் பீரங்கிப் படை திறந்த வெளியில் தாக்குதலுக்கு ஓடியது. ஓடியவர்கள் ஏறத்தாழ 900 பேர். சில நிமிடங்களில் இறந்தும் காயப்பட்டும் காணாமற்போயும் விழுந்தவர்கள் 632 பேர். அந்தப் போர் முழுவதிலும் வடக்குப் படைப்பிரிவு ஒன்று ஒரே சண்டையில் பட்ட இழப்புகளில் இதுவே மிகப் பெரியது. இரண்டு ஆண்டுகள் நிழலில் நின்றவர்களுக்கு வெயில் மொத்தமாக வந்து சேர்ந்தது.

இந்தப் படைப்பிரிவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், இதன் தொடக்க அதிகாரிகளில் ஒருவர் சார்லஸ் ஹாம்லின். லிங்கனின் முதல் ஆட்சிக்காலத்தில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஹானிபல் ஹாம்லினின் மகன். 1862இல் இந்தப் பிரிவு 18ஆவது மெயின் காலாட்படையாகத் திரட்டப்பட்டபோதே மேஜரானவர் அவர். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் இல்லை. 1863லேயே அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்டுவிட்டார். ஆனால் அந்த அலுவலகப் பணி, கெட்டிஸ்பர்க்கில் சண்டையின் நடுவே நின்ற ஒரு டிவிஷனின் தலைமையகத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் ஐயத்துக்குப் பாதி ஆம், பாதி இல்லை.

மகனைவிட எங்களுக்கு வேடிக்கையாகப்படுபவர் தந்தை. 1864 கோடையில், துணைக் குடியரசுத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே, மெயின் மாநிலக் காவற்படையில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்திருந்த ஹானிபல் ஹாம்லின், ஃபோர்ட் மெக்ளாரி என்னும் கடற்கரைக் கோட்டையில் தம் பிரிவினரோடு பணிக்குச் சென்றார். காவல் நின்றார், சமையற்கட்டில் வேலை பார்த்தார், கார்ப்பரலாகப் பதவி உயர்வும் பெற்றார். மகன் மேஜர், தந்தை சிப்பாய். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி அவருக்கு மறுபடி இடம் தரவில்லை. தந்திருந்தால், லிங்கன் சுடப்பட்டபின் நாட்டின் தலைவராகியிருப்பவர் அவர். மகன் சார்லஸோ, லிங்கன் சுடப்பட்ட அந்த இரவு, அது நடந்த ஃபோர்டு நாடக அரங்கில்தான் தம் சகோதரியோடு உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: எங்கள் சங்ககிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். பீரங்கி அதிகாரி என்பவர் களத்தில் என்னதான் செய்வார்? சுடுவது சிப்பாய்கள் அல்லவா?
— கல்லூரி மாணவர், சங்ககிரி

பதில்: சுடுவது சிப்பாய்கள்தாம். எதை, எப்போது, எந்த வகைக் குண்டால் சுடுவது என்று சொல்பவர் அதிகாரி. வடக்குப் படையில் ஒரு பாட்டரி என்பது பொதுவாக ஆறு பீரங்கிகள். ஒவ்வொன்றையும் ஆறு குதிரைகள் இழுத்தன. வெடிமருந்து வண்டிகளுக்கும் அதே போல. ஆக, ஒரு கேப்டனின் பொறுப்பில் நூறு பேருக்கு மேற்பட்ட ஆட்களும் அவ்வளவு எண்ணிக்கையில் குதிரைகளும் இருந்தன. இரண்டிரண்டு பீரங்கிகளுக்கு ஒரு லெப்டினன்ட். எதிரி முதலில் குறி வைப்பது குதிரைகளைத்தான். குதிரை போனால் பீரங்கி நகராது.

மிகுதியாகப் பயன்பட்டது நெப்போலியன் என்று அழைக்கப்பட்ட வெண்கலப் பீரங்கி. 12 பவுண்டு எடையுள்ள குண்டை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு எறியும். எதிரி நானூறு கெஜத்துக்குள் வந்துவிட்டால் முழுக் குண்டை விட்டுவிட்டு, 27 இரும்பு உருண்டைகள் அடைத்த தகர டப்பாவை வாயில் திணிப்பார்கள். அது வெளியே வரும்போது டப்பா கிழிந்து உருண்டைகள் விசிறிப் பாயும்.

சுடும் முறையில் ஒரே ஒரு அசைவை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு முறை சுட்டதும் குழலுக்குள் கங்கு மிச்சமிருக்கும். ஈரப் பஞ்சு கட்டிய கோலால் ஒருவர் துடைப்பார். பிறகு புதிய மருந்துப் பையை உள்ளே தள்ளுவார். அப்படித் துடைக்கும்போதும் தள்ளும்போதும், பீரங்கியின் பின்பக்கத்தில் திரிக்காக விட்ட சிறு துளையை இன்னொருவர் கட்டைவிரலால் அழுத்தி மூடியிருக்க வேண்டும். காற்று உள்ளே போனால் கங்கு கனன்று மருந்து பற்றிக்கொள்ளும். கோல் பிடித்தவரின் கைகள் போய்விடும். இதற்காகவே கட்டைவிரலுக்குத் தோல் உறை உண்டு. கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 3 அன்று அலோன்சோ குஷிங் என்னும் 22 வயது லெப்டினன்ட், தம் பாட்டரியில் ஆட்கள் விழுந்து தீர்ந்த நிலையில், தாமே அந்தத் துளையை வெறும் விரலால் மூடினார். உலோகம் கொதித்துக்கொண்டிருந்ததால் சதை எலும்பு வரை வெந்தது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்பே தோளிலும் வயிற்றிலும் காயப்பட்டிருந்த அவர் சற்று நேரத்தில் சுடப்பட்டு இறந்தார். அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது 2014இல். குஷிங்கின் தாய் ஒரு கைம்பெண். பள்ளி நடத்திக் குழந்தைகளை வளர்த்தவர். கேட்டு வாங்கித் தரும் தந்தை இருந்திருந்தால் பதக்கம் 151 ஆண்டுகள் காத்திருக்குமா என்பதை வாசகரே யோசிக்கட்டும்.

கேள்வி: வடக்கைப் பற்றியே எழுதுவீர்களா? அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கில் தலைவர் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?
— வழக்கறிஞர், ஓமலூர்

பதில்: தெற்கில் இந்தக் கதை இன்னும் அடர்த்தியானது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்து வாயிலில், கடலுக்கு நடுவே நிற்கும் ஃபோர்ட் சம்ட்டர் கோட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். போரின் முதல் குண்டு பாய்ந்தது அந்தக் கோட்டைமீதுதான், 1861 ஏப்ரல் 12 அன்று. அது தெற்கின் கைக்கு வந்தபின் அதைக் காத்தது 1ஆவது தென் கரோலினா பீரங்கிப் படை.

அந்தப் படைப்பிரிவின் கர்னல் ரான்சம் கால்ஹூன். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் அடிமை முறைக்குத் தத்துவ நியாயம் பேசியவருமான ஜான் சி. கால்ஹூனின் நெருங்கிய உறவினர். அவருக்குக் கீழே இருந்தவர் ஆல்ஃபிரட் ரெட். இவருடைய தந்தை ராபர்ட் பார்ன்வெல் ரெட், நாடாளுமன்ற உறுப்பினராகவும் செனட்டராகவும் இருந்து, தெற்கு பிரிந்தே ஆக வேண்டும் என்று பல ஆண்டுகள் ஓயாமல் முழங்கியவர். குடும்பத்துக்குச் சொந்தமாகச் செய்தித்தாளும் இருந்தது. இந்த இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்துவரவில்லை. பகை முற்றி 1862 செப்டம்பரில் இருவரும் கைத்துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். கால்ஹூன் செத்தார். எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமல், தம் படைப்பிரிவின் துணை அதிகாரியாலேயே ஒரு கர்னல் கொல்லப்பட்டார். கொன்றவருக்கு என்ன ஆயிற்று என்றால், அந்தப் படைப்பிரிவின் தலைமையும் கோட்டையின் தலைமையும் அவருக்கே வந்தன. ஒரு சாதாரணச் சிப்பாய் தன் மேலதிகாரியைச் சுட்டிருந்தால் மறுநாள் விடிவதற்குள் அவன் கதை முடிந்திருக்கும். தந்தை பெயரின் வலிமையை அளக்க வேண்டுமானால், சேவர்டின் பதவி உயர்வைவிட இதுவே சரியான அளவுகோல் என்பது எங்கள் கருத்து.

இவ்வளவுக்கும் ரெட் பீரங்கிக்காரராகத் திறமையானவர் என்பதை மறுக்க வழியில்லை. 1863 ஏப்ரல் 7 அன்று வடக்குக் கடற்படையின் ஒன்பது இரும்புக் கவசக் கப்பல்கள் சம்ட்டரைத் தாக்க வந்தன. கப்பல்கள் சுட்டவை 150 குண்டுகள் அளவில்; சம்ட்டரும் சுற்றியிருந்த மற்றக் கோட்டைகளும் திருப்பிச் சுட்டவை 2,000க்கு மேல். கடலில் மிதவைகளை நட்டு முன்கூட்டியே தொலைவு அளந்து வைத்திருந்ததால் அடி தப்பவில்லை. கியோகக் என்னும் கப்பல் ஏறத்தாழ 90 அடிகள் வாங்கி மறுநாள் காலை மூழ்கியது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நிலத்திலிருந்து சுட்ட நீள்தொலைவுப் பீரங்கிகள் கோட்டையைச் செங்கற்குவியலாக்கிவிட்டன. சுடப் பீரங்கி மிஞ்சாததால் ரெட்டும் அவருடைய ஆட்களும் வெளியேற, காலாட்படை உள்ளே வந்தது. போரின் கடைசி மாதங்களில், 1865 மார்ச்சில், எதிரியின் வேவுக் குதிரைக்காரர்களைத் தம் ஆட்கள் என்று நினைத்து அவர்களிடமே போய் மாட்டிக்கொண்டார் ரெட்.

அந்தக் கோட்டைக்கு 1864 மே மாதம் தலைமை ஏற்றவர் கேப்டன் ஜான் மிட்சல். அவரும் ஓர் அரசியல்வாதியின் மகன்தான். ஆனால் அமெரிக்க அரசியல்வாதியின் மகன் அல்லர். தந்தை ஜான் மிட்சல் அயர்லாந்து விடுதலைப் போராளி. பிரிட்டிஷ் அரசு 1848இல் அவரை ராஜத் துரோகக் குற்றத்துக்காக நாடு கடத்தியது. தாஸ்மேனியாவிலிருந்து தப்பி 1853இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். நாடு கடத்தலின் கொடுமையை அறிந்த நம் பக்கத்து வாசகர்களுக்கு இதுவரை அவர்மீது மதிப்பு வரும். அதற்குமேல் வராது. அயர்லாந்துக்கு விடுதலை கேட்ட அதே மனிதர் அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் அடிமைத்தனத்தை வெட்கமின்றி ஆதரித்துப் பத்திரிகை நடத்தினார். மூன்று மகன்களும் தெற்குப் படையில் சேர்ந்தார்கள். கடைசி மகன் வில்லி, 17 வயதில், கெட்டிஸ்பர்க்கில் இறந்தான். ஜேம்ஸ் ஒரு கையை இழந்தார். மூத்தவரான கேப்டன் ஜான், 1864 ஜூலை 20 அன்று சம்ட்டரின் இடிந்த மதில்மேல் நின்று எதிரியின் பீரங்கி நிலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார், வயது 26. 1875இல் டிப்பெரரி தொகுதி மக்கள் தந்தையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டனை பெற்றவர் என்று சொல்லி அந்தத் தேர்வு செல்லாதென்று ஆக்கப்பட்டது. சில வாரங்களில் அவரும் இறந்துபோனார்.

தெற்கில் இன்னொருவரையும் விட்டுவிட முடியாது: ஜார்ஜ் வைத் ராண்டால்ஃப். தாய்வழியில் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் பேரன். தந்தை வர்ஜீனியா மாநில ஆளுநராக இருந்தவர். அடிமைகளை விடுவிக்க ஜான் பிரவுன் நடத்திய கிளர்ச்சிக்குப்பின், 1859இல், ரிச்மண்டு ஹோவிட்சர்ஸ் என்னும் பீரங்கிப் பிரிவை அமைத்தவர் அவர். தொழிலால் வழக்கறிஞர். போரின் முதல் தரைச் சண்டைகளில் ஒன்றான பிக் பெத்தலில், 1861 ஜூன் 10 அன்று, அவருடைய பீரங்கிகள்தாம் வெற்றியைத் தீர்மானித்தன. அடுத்த ஆண்டே தெற்கின் போர்த்துறை அமைச்சர். எட்டே மாதங்களில் தெற்கின் குடியரசுத் தலைவர் டேவிஸோடு மனத்தாங்கல் கொண்டு பதவி விலகல்.

கேள்வி: பணக்காரன் போரைத் தொடங்குவான், ஏழை போய்ச் சாவான் என்பார்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அங்கே தலைவர்களின் பிள்ளைகளும் செத்திருக்கிறார்களே?
— கைத்தறி நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: நீங்கள் சொல்லும் பேச்சு அந்தப் போரிலேயே இரு தரப்பிலும் அடிபட்ட பேச்சு. அதற்குக் காரணமும் இருந்தது. வடக்கில் 1863இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது 300 டாலர் கட்டினால் அந்த அழைப்பிலிருந்து விலக்கு; அல்லது பதிலாள் ஒருவரை வைக்கலாம். கூலிக்காரர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்துக்கு ஏறத்தாழ நிகரான தொகை அது. பின்னாளில் இருமுறை குடியரசுத் தலைவரான கிளீவ்லாந்து அப்படிப் பதிலாள் வைத்தவர்தான். தெற்கில் 1862 அக்டோபர் சட்டம் இருபது அடிமைகள் கொண்ட தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்களித்தது. அப்போது போர்த்துறை அமைச்சர் மேலே சொன்ன ராண்டால்ஃப்.

மறுபுறம், மெயின் மாநிலச் செனட்டரும் பின்னர் நிதியமைச்சருமான வில்லியம் பிட் ஃபெசண்டனின் வீட்டைப் பாருங்கள். மகன் சாமுவேல் ஒரு மெயின் பாட்டரியில் பீரங்கி லெப்டினன்ட்; 1862 ஆகஸ்டில் இரண்டாம் புல்ரன் சண்டையில் காயப்பட்டு இறந்தார். இன்னொரு மகன் பிரான்சிஸ் 1864இல் லூசியானாவில் ஒரு காலை இழந்தார். மூன்றாமவர் ஜேம்ஸும் ஜெனரலாகப் பணியாற்றினார். லிங்கனின் மகன் ராபர்ட்டோ போர் முடியும் தறுவாய் வரை ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பேச்சு பொறுக்காமல், 1865 ஜனவரியில் லிங்கன் தளபதி கிராண்டுக்கு எழுதிய கடிதத்தில், குடியரசுத் தலைவராக அல்லாமல் நண்பராகக் கேட்பதாகவும், மகனின் செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறித் தளபதியின் அலுவலகத்தில் ஓர் இடம் கேட்டார். கேப்டன் பதவி கிடைத்தது. பீரங்கியின் பக்கம் அவர் போக வேண்டியிருக்கவில்லை. தாய் மேரி ஏற்கெனவே இரண்டு மகன்களை நோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதால் லிங்கனைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் மேரி ஒருவர் மட்டும் அல்லர்.

கேள்வி: அந்தப் போரால் நம் பக்கத்துக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?
— நூல் வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: உண்டு. தெற்கின் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. பருத்தி விளைவித்தவர் மகிழ்ந்தார், நூல் வாங்கி நெய்தவர் திண்டாடினார். சம்ட்டர் கோட்டைப் பீரங்கிகள் காத்த சார்ல்ஸ்டன், அப்படி அடைபட்ட துறைமுகங்களில் முக்கியமான ஒன்று.

கேள்வி: குடியரசுத் தலைவர்களின் பிள்ளைகள் யாராவது உண்மையிலேயே பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று சுட்டார்களா?
— பள்ளி மாணவி, ஏற்காடு

பதில்: நின்றார்கள், அதிகாரியாக அல்ல, சிப்பாயாக. 1841 முதல் 1845 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஜான் டைலர், தம் சொந்த மாநிலமான வர்ஜீனியா பிரிந்தபோது தெற்கோடு சேர்ந்தார்; அந்தப் பக்கத்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1862 ஜனவரியில் இறந்தார். அவர் இறந்தபின், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மகன்கள் டேவிட் கார்டினரும் ஜான் அலெக்சாண்டரும் பீரங்கிப் படையில் சேர்ந்தார்கள். தந்தை உயிரோடு இருந்திருந்தால் தோளில் பட்டை வாங்கிக் கொடுத்திருப்பாரோ என்னவோ. அவர்களுக்குக் கிடைத்தது சிப்பாய் வேலை. டேவிட் இருந்தது ராக்பிரிட்ஜ் பீரங்கிப் படையில். தெற்கின் தளபதி லீயின் கடைசி மகன் ராபர்ட்டும் முன்பு அதே பிரிவில் சாதாரணச் சிப்பாயாகத்தான் சேர்ந்திருந்தார்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தபோது டைலர் சகோதரர் இருவரும் அந்தப் படையில் இருந்தார்கள். அலெக்சாண்டருக்கு அப்போது 17 வயது நிரம்பி இரண்டு நாள். அவர் ஜெர்மனிக்குப் போய்ச் சுரங்கப் பொறியியல் படித்தார். அங்கே பிரான்சோடு 1870இல் போர் மூண்டதும் சாக்சனிப் படையில் சேர்ந்து மறுபடியும் சண்டைக்குப் போனார். டேவிட் வழக்கறிஞராகி, 1893 முதல் 1897 வரை, தாம் எந்த அரசை எதிர்த்துச் சுட்டாரோ அந்த அரசின் நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.